கிராபிக்ஸ் கார்டை ஏற்றுவதா, அடக்குவதா? ஊட்டிக் குளிரில் ஒரு கணக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்களிடம் ஒரு பேச்சு அடிக்கடி வரும். "சூடெல்லாம் கீழே கோயமுத்தூர்க்காரங்களுக்குத்தான் பிரச்சினை. நம்ம வீட்ல ஃபேனே கிடையாது. கிராபிக்ஸ் கார்டை ஏத்தி விட்டா என்ன ஆகிடப்போகுது?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஜனவரியில் புல்வெளி முழுக்க உறைபனி படியும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, சூட்டுக்குப் பயந்து கார்டைக் கட்டிப்போட்டு வைப்பானேன்?

அந்தப் பேச்சில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் பணமும் நேரமும் வீணாகின்றன. லேப்டாப் கார்டிலிருந்து கூடுதல் வேகம் வேண்டுமென்றால் வழிகள் பல இருக்கின்றன. கம்பெனி கொடுத்த அமைப்பிலேயே விட்டுவிடலாம். உள்ளே துடைத்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றலாம். ஆஃப்செட் கொடுத்து, அதாவது சிப் ஓடும் வேகமான க்ளாக்கில் கொஞ்சம் மெகாஹெர்ட்ஸைக் கூட்டி, ஓவர்க்ளாக் செய்யலாம். வோல்டேஜைக் குறைத்து அண்டர்வோல்ட் செய்யலாம். துணிச்சல் இருந்தால், கார்டின் வரம்புகள் எழுதப்பட்டிருக்கும் விபயாஸ் என்ற உள் மென்பொருளை மாற்றியோ, போர்டில் சால்டர் வைத்தோ கம்பெனி போட்ட வரம்பையே உடைக்கலாம். என் ஓட்டு அண்டர்வோல்ட்டுக்கு. கடைசி வழி மலையில் இருக்கிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். இந்த வரிசைக்கான காரணம் குளிரில் இல்லை, வாட்டில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தடுப்பது சூடா, வாட்டா?

இப்போதைய என்விடியா கார்டு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. எவ்வளவு மெகாஹெர்ட்ஸில் ஓடலாம் என்று ஒவ்வொரு கணமும் தானே முடிவு செய்துகொள்கிறது. அதற்கு மூன்று வேலிகள்: சிப்பின் சூடு, அது இழுக்கும் மின்சக்தி, அதற்குக் கொடுக்கக்கூடிய வோல்டேஜ். எந்த வேலி முதலில் வருகிறதோ அங்கேயே நின்றுவிடும்.

லேப்டாப்பில் பெரும்பாலும் முதலில் வருவது மின்சக்தி வேலி. இதற்கு ஒரு நல்ல உதாரணம் ஆர்டிஎக்ஸ் 3060. மேசைக் கம்ப்யூட்டரில் வரும் 3060 கார்டில் 3584 கூடா கோர்கள், அதாவது கணக்குப் போடும் சின்னச் சின்னப் பிரிவுகள். லேப்டாப் 3060-இல் 3840. எண்ணிக்கையில் லேப்டாப்தான் பெரியது. ஆனால் ஓட விட்டுப் பார்த்தால் மேசைக் கம்ப்யூட்டர் முந்திவிடும். அதற்கு 170 வாட் கிடைக்கிறது. லேப்டாப்புக்கு, எந்தக் கம்பெனி எந்த மாடலில் போட்டது என்பதைப் பொறுத்து, 60 முதல் 115 வாட் வரைதான். இந்த அளவைத்தான் டிஜிபி என்கிறார்கள். இதற்கு மேல், பிராசஸர் சும்மா இருக்கும் நேரத்தில் அதன் பங்கிலிருந்து 15 வாட் போலக் கார்டுக்குத் திருப்பிவிடும் டைனமிக் பூஸ்ட் என்ற வசதி இருக்கிறது. ஸ்டிக்கரில் ஒரே பெயர் போட்ட இரண்டு லேப்டாப்புகள் வேகத்தில் இவ்வளவு தள்ளி நிற்பதற்குக் காரணம் இதுதான். வாங்கும்போது கார்டின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு வாட்டைக் கேட்காமல் வருகிறவர்கள்தான் பின்னால் ஓவர்க்ளாக் பற்றி அதிகம் விசாரிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

உங்கள் மெஷினில் எந்த வேலி என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதன் சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, கேமையோ வீடியோ ரெண்டரையோ கால் மணி நேரம் ஓட விடுங்கள். அதில் 'பெர்ஃப்கேப் ரீசன்' என்று ஒரு வரி இருக்கும். கார்டு ஏன் இதற்கு மேல் போகவில்லை என்பதற்கான காரணம் அங்கே வந்துவிடும். பவர் என்று காட்டினால் வாட் வேலி. தெர்மல் என்றால் சூடு. வோல்டேஜ் சம்பந்தமாகக் காட்டினால் சிப் தன் உச்ச வோல்டேஜைத் தொட்டுவிட்டது. யுடிலைசேஷன் என்று காட்டினால் கார்டுக்குப் போதுமான வேலையே வரவில்லை. தடங்கல் பிராசஸரிலோ ராமிலோ இருக்கிறது, கார்டைத் தொட்டுப் பயனில்லை.

மலையில் நல்ல நிலையில் உள்ள லேப்டாப் ஒன்றில் இதை ஓட்டினால் பெரும்பாலும் பவர் என்றுதான் வரும். குளிர் செய்வது சூட்டு வேலியைத் தள்ளி வைப்பது மட்டும்தான். வாட் வேலி ஊட்டியிலும் அதே இடம், உடுமலையிலும் அதே இடம். ஆகவே 'நம்ம ஊர் குளிரு' என்ற வாதம், இல்லாத தடையை நீக்கப் பார்க்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஆர்டிஎக்ஸ் 4050, 4060 லேப்டாப் கார்டுகளில் கம்பெனி 140 வாட் வரை என்று விளம்பரம் போட்டிருந்தாலும், பெரும்பாலான கேம்களில் 100 வாட் சுற்றுவட்டாரத்திலேயே நின்றுவிடும். காரணம், அங்கே வோல்டேஜ் வேலி முதலில் வந்துவிடுகிறது. இந்த வகைக் கார்டுகளில் வாட்டைக் கூட்டிக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆஃப்செட் கொடுப்பது ஓரளவு பலன் தருவது இங்கேதான்.

உயரத்துக் காற்று மெல்லியது

குளிர் வாதத்தில் இன்னொரு ஓட்டை. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1850 மீட்டர் போல, கொடைக்கானல் 2100 மீட்டருக்குச் சற்று மேலே. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. லேப்டாப்பின் ஃபேன் ஒரு சுற்றுக்குத் தள்ளும் காற்றின் கன அளவு எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்தக் கன அளவுக்குள் இருக்கும் காற்றின் எடை இங்கே குறைவு. சூட்டை அள்ளிக்கொண்டு போவது எடைதான். அதாவது அதே ஃபேன் அதே சத்தத்தில் ஓடினாலும் சூட்டை வெளியே தள்ளுவது குறைவாகவே நடக்கும்.

இதற்கு ஒரு கைக்கணக்கு போடலாம். சென்னையில் 35 டிகிரி அறையில் கார்டு 80 டிகிரிக்குப் போகிறது என்று வையுங்கள். அறையைவிட 45 டிகிரி கூடுதல். ஊட்டியில் மெல்லிய காற்றால் இந்த 45 என்பது 52, 53 ஆகிவிடும். ஆனால் அறையே 16 டிகிரி. கூட்டினால் 69 போல வருகிறது. ஆக, குளிர் ஜெயிக்கத்தான் செய்கிறது. ஆனால் தெர்மாமீட்டர் காட்டும் 19 டிகிரி வித்தியாசம் முழுதாகக் கைக்கு வரவில்லை, பத்துப் பதினொன்றுதான் வந்தது. மழைக்கால இரவில் கதவு ஜன்னலை அடைத்து, ரூம் ஹீட்டரைப் போட்டு, கம்பளிக்குள் லேப்டாப்பையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு கேம் ஆடுகிறவர்களுக்கு இந்தப் பத்தும் கிடையாது. கம்பளியின் மேல் வைத்தால் அடியில் இருக்கும் காற்று வழி அடைபட்டுவிடும்; அப்புறம் ஊட்டி என்ன, அண்டார்டிகா என்ன.

நல்ல செய்தியும் உண்டு. பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் லேப்டாப்பை ஏறக்குறைய 3000 மீட்டர் உயரம் வரை ஓடுவதற்கே வடிவமைக்கின்றன. தொட்டபெட்டா உச்சியே 2637 மீட்டர்தான். உயரத்துக்காகப் பயப்படத் தேவையில்லை, அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும்.

ஆஃப்செட் கொடுத்தால் என்ன கிடைக்கும்?

ஓவர்க்ளாக் என்று எல்லாரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கார்டின் அமைப்புகளை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைத் திறந்து கோர் க்ளாக்கில் ஒரு 100, மெமரி க்ளாக்கில் ஒரு 500 என்று கூட்டி, சரி போடுவது. சில கம்பெனிகள் தங்கள் சொந்த மென்பொருளிலேயே இந்த ஸ்லைடரைக் கொடுத்துவிடுகின்றன. அசுஸின் ஆர்மரி க்ரேட்டில் மேனுவல் மோட் என்று இருப்பது ஓர் உதாரணம். அப்படி உள்ளே கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கம்பெனி கொடுத்த எல்லைக்குள் என்றால் வாரண்டிப் பேச்சு வரும்போது நம் பக்கம் கொஞ்சம் பலம் இருக்கும்.

பயப்படுகிற அளவுக்கு இது ஆபத்தான வேலை இல்லை. லேப்டாப்பில் வோல்டேஜ் ஸ்லைடர் பூட்டப்பட்டிருக்கும். வாட் ஸ்லைடரும் பெரும்பாலும் அப்படியே. ஆகவே நீங்கள் கூட்டுவது க்ளாக்கை மட்டும். அதிகமாகிவிட்டால் திரை ஒரு கணம் கறுத்து, விண்டோஸ் டிரைவரைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும். கார்டு இரண்டு விநாடி பதில் சொல்லாவிட்டால் இப்படிச் செய்ய வேண்டும் என்று விண்டோஸில் ஏற்பாடு இருக்கிறது. மிஞ்சிப் போனால் ரீஸ்டார்ட். ஆஃப்டர்பர்னரில் 'விண்டோஸ் தொடங்கும்போதே போடு' என்ற தேர்வை மட்டும் சோதனை முடியும் வரை தொடாதீர்கள்; தவறான எண்ணோடு அதைத் தேர்ந்துவிட்டால் சேஃப் மோடில் போய்க் கழற்ற வேண்டியிருக்கும்.

பலன்? வழக்கமாக ஐந்து சதவீதத்தை ஒட்டி. 60 ஃபிரேம் ஓடிய கேம் 63 ஓடும். பார்த்துச் சொல்லச் சொன்னால் யாராலும் சொல்ல முடியாது. மெமரி க்ளாக்கைக் கூட்டுவதால் சில கேம்களில் இன்னும் இரண்டொரு ஃபிரேம் வரலாம். ஆனால் மெமரி குடிக்கும் மின்சாரமும் அதே டிஜிபிக்குள்தான் கழிகிறது. மெமரிக்கு அதிகம் கொடுத்தால் கோருக்குப் போகும் வாட் குறையும். 80 வாட் கார்டில் சில வேளை மெமரியை ஏற்றிய பிறகு கோர் க்ளாக் இறங்குவதையே பார்க்கலாம். இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டையும் உச்சத்துக்குத் தள்ளிவிட்டு 'பெரிசா வித்தியாசம் தெரியலையே' என்று கேட்பவர்கள் நிறைய.

அண்டர்வோல்ட்: வேகத்துக்கான குறுக்கு வழி

அண்டர்வோல்ட் என்றால் சூட்டைக் குறைக்க வேகத்தைத் தியாகம் செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். வாட் வேலியில் நிற்கும் லேப்டாப்பில் நடப்பது நேர் எதிர்.

சிப் குடிக்கும் மின்சக்தி க்ளாக்கோடு நேராகவும், வோல்டேஜோடு வர்க்கமாகவும் கூடுகிறது. 0.95 வோல்ட்டில் ஓடும் சிப்பை அதே க்ளாக்கில் 0.85 வோல்ட்டில் ஓட்ட முடிந்தால், கணக்குப்படி மின்சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். 80 வாட் எல்லையில் முட்டிக்கொண்டிருந்த கார்டுக்கு இப்போது உள்ளேயே இடம் கிடைத்துவிட்டது. அந்த இடத்தை இரண்டு விதமாகச் செலவழிக்கலாம். க்ளாக்கை அப்படியே விட்டால் சூடும் ஃபேன் சத்தமும் குறையும். க்ளாக்கைக் கூட்டினால் அதே 80 வாட்டுக்குள் கூடுதல் வேகம் வரும். லேப்டாப்பில் கம்பெனி பூட்டிய வாட் எல்லையைத் தொடாமலேயே எல்லையைத் தாண்டிய பலன் கிடைப்பது இந்த ஒரு வழியில்தான்.

கம்பெனி ஏன் இதைச் செய்து அனுப்பவில்லை? ஒரே தொழிற்சாலையில் வரும் சிப்புகளில் சில நல்லவை, சில சுமார். எல்லாச் சிப்புக்கும் எல்லாச் சூட்டிலும் நிலையாக ஓட வேண்டும் என்பதால் சுமாரானதற்கும் போதுமான வோல்டேஜையே எல்லாவற்றுக்கும் வைத்துவிடுகிறார்கள். உங்கள் சிப்புக்கு அவ்வளவு தேவையில்லாமல் இருக்கலாம். அந்த உபரியைத்தான் எடுக்கிறோம்.

செய்முறை அதிகம் இல்லை. முதலில் கார்டு உங்கள் வழக்கமான வேலையில் எந்த க்ளாக்கில், எந்த வோல்டேஜில் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல், எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வோல்டேஜ்-க்ளாக் கோடு திறக்கும். கோர் ஸ்லைடரை முதலில் 200 போலக் கீழே இறக்கிவிட்டு, கோட்டில் நீங்கள் விரும்பும் வோல்டேஜ் புள்ளியை மட்டும், உதாரணமாக 850 மில்லிவோல்ட், பழைய க்ளாக்கின் உயரத்துக்குத் தூக்கிச் சரி போடுங்கள். அந்தப் புள்ளிக்கு வலப்பக்கம் கோடு சமதளமாகிவிடும். கார்டு இனி அந்த வோல்டேஜைத் தாண்டாது. நிலையாக ஓடினால் 25 மில்லிவோல்ட் குறைத்துப் பாருங்கள், அல்லது அதே வோல்டேஜில் 15, 30 மெகாஹெர்ட்ஸ் கூட்டிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறதோ அதற்கு ஒரு படி பின்னால் நின்றுகொள்ளுங்கள்.

உன்னிப்பாகப் பார்த்தால் ஆஃப்செட் கொடுப்பதும் இதே கோட்டைத்தான் நகர்த்துகிறது. ஒவ்வொரு வோல்டேஜுக்கும் கூடுதல் க்ளாக் என்பது ஆஃப்செட். ஒவ்வொரு க்ளாக்குக்கும் குறைந்த வோல்டேஜ் என்பது அண்டர்வோல்ட். வித்தியாசம், உச்சியில் எங்கே நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. உச்சியை நாமே வெட்டிவிடுவதால் அண்டர்வோல்ட்டில் கார்டு திடீரென்று தாவிப் போய்த் தடுக்கி விழுவதில்லை. இது மலைக்காரர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

குளிரில் நின்றது சூட்டில் நிற்குமா?

கார்டு குளிர்ந்திருக்கும்போது தானாகவே கொஞ்சம் கூடுதல் க்ளாக்கில் ஓடும். சூடேற ஏற 15 மெகாஹெர்ட்ஸ் போன்ற சின்னச் சின்னப் படிகளாக இறங்கும். என்விடியா கார்டுகளின் பிறவிக்குணம் இது. இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். பகலில் ஒரு மணி நேரம் கேம் ஓடி 72 டிகிரியில் நிலைத்திருக்கும்போது நீங்கள் கொடுத்த ஆஃப்செட் கல் மாதிரி நிற்கும். மறுநாள் விடியற்காலை, அறை ஒன்பது டிகிரியில் இருக்கும்போது கேமைத் திறந்தவுடனே விழும். சூடாக இருந்தபோது போகாத உயரமான க்ளாக்குக்குக் குளிர்ந்த கார்டு ஏறிப் பார்த்ததுதான் காரணம். கார்டு கெட்டுவிட்டதோ என்று பதறாமல், ஆஃப்செட்டில் 30 குறையுங்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. சூடான சிலிக்கானுக்கு அதே க்ளாக்கில் ஓட வோல்டேஜ் சற்று அதிகம் தேவைப்படும். ஊட்டியில் டிசம்பரில் விளிம்பு வரை குறைத்துப் போட்ட அண்டர்வோல்ட், ஏப்ரலில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூரில் அறை எடுத்துத் தங்கும் கல்லூரி மாணவருக்கு நிற்காமல் போகலாம். மேலேயும் கீழேயும் போய் வருகிறவர்கள் ஆஃப்டர்பர்னரில் இரண்டு ப்ரொஃபைல் வைத்துக்கொள்வது நல்லது. கீழே போகும்போது போடுவதற்கு 25 மில்லிவோல்ட் கூடுதலாக ஒன்று. கல்யாண வீடியோவை விடிய விடிய ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் இந்த 25-ஐ எந்த ஊரிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். கேம் விழுந்தால் திரும்ப ஆடலாம். காலையில் கொடுக்க வேண்டிய வீடியோ பாதியில் நின்றிருந்தால் மண்டப வாசலில் பதில் சொல்ல வேண்டியது நாம்.

சோதிப்பதற்கு ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை நம்ப வேண்டாம். அது கார்டை வாட் எல்லையில் போட்டு நசுக்குவதால் க்ளாக் மிகவும் கீழே இறங்கிவிடும். நீங்கள் சோதிக்க வேண்டிய உயர்ந்த க்ளாக்குக்குப் போகவே போகாது. சூப்பர்பொசிஷன் போன்ற சோதனையைச் சுற்றுச் சுற்றாக ஓட்டுங்கள், அப்புறம் உங்கள் உண்மையான வேலையையே ஓட்டுங்கள். ஒருமுறை குளிர்ந்த காலையில், ஒருமுறை அறையை மூடிச் சூடாக்கிக்கொண்டு.

ஈரப்பதம் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப் அறையைவிடச் சூடானது, அதன் மேல் நீர் படியாது. ஆபத்து, இரவெல்லாம் காரின் டிக்கியில் கிடந்த லேப்டாப்பை அடுப்போ ஹீட்டரோ எரியும் அறைக்குள் கொண்டுவந்து உடனே போடுவதில். கண்ணாடி போட்டவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துவிட்டு, பிறகு எடுங்கள்.

வரம்பை உடைப்பவர்கள்

லேப்டாப் கார்டுக்கும் கம்பெனிகளுக்கும் இந்த விஷயத்தில் பழைய பஞ்சாயத்து இருக்கிறது. மேக்ஸ்வெல் தலைமுறையில், அதாவது ஜிடிஎக்ஸ் 900எம் வரிசையில், கோர் ஆஃப்செட் 135 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாதபடி பூட்டு இருந்தது. 2015 தொடக்கத்தில் என்விடியா ஒரு டிரைவரில் லேப்டாப் ஓவர்க்ளாக்கையே அடைத்துவிட்டது; அது இருந்ததே ஒரு பிழை என்பது போல விளக்கமும் சொன்னது. காசு கொடுத்து வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களிலேயே திரும்பத் திறந்துவிடுவதாக அறிவித்தது. அந்தக் காலத்தில் திருத்திய விபயாஸை ஏற்றி 135-ஐத் தாண்டியவர்கள் நிறைய. 2016-இல் பாஸ்கல் தலைமுறை வந்த பிறகு கதை மாறியது. விபயாஸில் என்விடியாவின் கையெழுத்து இல்லாவிட்டால் கார்டு ஏற்காது. ஒரு எண்ணை மாற்றினாலும் கையெழுத்து செல்லாததாகிவிடும்.

இன்று மிச்சமிருக்கும் வழி, அதே சிப்போடு அதிக வாட் கொடுக்கும் வேறு மாடலின் அசல் விபயாஸைக் கொண்டுவந்து ஏற்றுவது. 80 வாட் லேப்டாப்பில் 115 வாட்டுக்கானது. ஏறினால், பலன் ஓவர்க்ளாக்கைவிடப் பெரியதாகவே இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் எச்டிஎம்ஐ போர்ட் வேலை செய்யாமல் போகலாம், திரையின் வெளிச்சக் கட்டுப்பாடு போகலாம். உங்கள் போர்டில் கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியும், வெப்பக் குழாயும், அடாப்டரும் 80-ஐ மனதில் வைத்துப் போட்டவை. பல லேப்டாப்புகளில் விபயாஸ் தனியாக இருக்காது, லேப்டாப்பைத் தொடங்கி வைக்கும் மெயின் பயாஸுக்குள்ளேயே இருக்கும். அங்கே கை வைத்துத் தவறினால் லேப்டாப் உயிர் பெறவே பயாஸ் சிப்பில் க்ளிப் மாட்டி வெளியிலிருந்து எழுத வேண்டும்.

ஷன்ட் வேலை இன்னும் ஒரு படி மேலே. கார்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளப்பதற்கு போர்டில் ஷன்ட் எனப்படும் மிகச் சிறிய ரெசிஸ்டர்கள் இருக்கும். 5 மில்லிஓம் ரெசிஸ்டரின் மேல் இன்னொரு 5 மில்லிஓம் ரெசிஸ்டரைச் சால்டர் செய்தால் அளவு பாதியாகத் தெரியும். 80 வாட் என்று நினைத்துக்கொண்டு கார்டு 160 வாட் வரை இழுக்கப் பார்க்கும். சூடான சிப் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். மின்சாரம் கொடுக்கும் சின்னச் சின்ன மாஸ்ஃபெட்டுகளுக்கும் சார்ஜர் சொருகும் பின்னுக்கும் அந்த அறிவு கிடையாது.

கீழே இருக்கிறவர்களுக்கு இது வெறும் பண ஆபத்து. நமக்குத் தூரமும் சேர்ந்தது. போர்டு வேலை நன்றாகத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் கோயமுத்தூர்தான், கொடைக்கானல்காரர்களுக்கு மதுரை. ஒருமுறை கொடுக்க, ஒருமுறை எஸ்டிமேட் கேட்டுத் திட்ட, ஒருமுறை வாங்க என்று மேட்டுப்பாளையம் வளைவுகளை எண்ணிக்கொண்டு போய்வர வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. வாரண்டி கேட்கவே வேண்டாம்.

காசுக்கு ஏற்ற பலன் வேறு இடத்தில்

கார்டைத் தொடும் முன் பார்க்க வேண்டிய சில விஷயங்கள் ஓவர்க்ளாக்கைவிட அதிகம் தருகின்றன. ஒரே ஒரு 8 ஜிபி ராம் குச்சியோடு வந்த லேப்டாப் என்றால் அதே மாதிரி இன்னொன்றைப் போடுங்கள். இரண்டு சேனல் ஆனதும் பல கேம்களில் வரும் முன்னேற்றத்தை எந்த ஆஃப்செட்டும் தராது. மக்ஸ் ஸ்விட்ச் இருந்தால், படம் பிராசஸரின் உள் கிராபிக்ஸைச் சுற்றாமல் நேராகத் திரைக்குப் போகும்படி மாற்றுங்கள். ஸ்விட்ச் இல்லாத பல மாடல்களில் வெளித் திரையை எச்டிஎம்ஐ-இல் மாட்டினாலே அந்தப் பலன் வந்துவிடும்.

மூன்று வருடம் ஆன லேப்டாப்பை ஒருமுறை திறந்து சுத்தம் செய்வதும் அவசியம். குளிர்காலத்தில் விறகோ கரியோ எரிக்கும் வீட்டில் புகைக் கரியும், பனிமூட்ட ஈரமும், தூசியும் சேர்ந்து ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி படிந்துவிடும். பழைய பேஸ்ட்டுக்குப் பதிலாக ஹனிவெல்லின் பிடிஎம்7950 தகடு போட்டால், 45 டிகிரி வாக்கில் இளகிப் பரவி இடம் பிடித்துக்கொள்ளும். சாதாரண பேஸ்ட் போலச் சில மாதத்தில் ஓரத்துக்கு ஒதுங்கிவிடாது. ஜிபியு-இசட்டில் உங்களுக்கு இந்தக் குளிரிலும் தெர்மல் என்று காட்டினால், ஓவர்க்ளாக், அண்டர்வோல்ட் எதையும் யோசிக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான்.

4 ஜிபி மெமரியோடு வந்த கார்டில் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளை ஓட்டி, 4கே காட்சியில் மெமரி போதவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னால், அதற்கு இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் மருந்தில்லை. காட்சிகளுக்குப் ப்ராக்ஸி, அதாவது தரம் குறைத்த நகல், போட்டுக்கொண்டு வேலையை ஓட்டுங்கள். கை கூடும்போது 12 ஜிபி கார்டு போட்ட மேசைக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பாருங்கள். வெளியே மாட்டும் கிராபிக்ஸ் பெட்டிகள் நம் ஊர் விலைக்கு ஒத்துவராது.

வாரண்டி இருக்கிறதா, கேம்தான் ஆடுகிறீர்களா, ஜிபியு-இசட் பவர் என்கிறதா? அண்டர்வோல்ட் போட்டு, மிச்சமான வாட்டில் 30, 45 மெகாஹெர்ட்ஸ் கூட்டிக்கொள்ளுங்கள். 4060 வைத்திருந்து வோல்டேஜ் வேலி என்று காட்டினால் கோரில் 100 போல ஆஃப்செட் கொடுக்கலாம், மெமரியில் கொஞ்சம் தாராளமாகவே. வாரண்டி முடிந்து, அடுத்த மாதம் விற்கப் போகிற பழைய 1650 லேப்டாப் ஒன்று வீட்டில் கிடந்து, கையில் ஹாட் ஏர் ஸ்டேஷனும் வைத்திருக்கிறீர்கள் என்றால் ஷன்ட் ஆசையை அதில் தீர்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் அதை விற்கும்போது வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.